மலை தந்த நீரும் மக்கள் நன்றியும்

நன்றியறிதல் நல்ல காலத்திற்கு உரிய பண்பு என்று கருதுவோர் பலர். வயிறு நிறைந்தவன் வாழ்த்துவான். பசித்தவன் எங்ஙனம் வாழ்த்துவான் என்பது அவர்தம் வாதம். உலக வழக்கை நோக்கின் இவ்வாதத்தை முற்றும் பொய்யென்று தள்ளிவிடுதற்கில்லை. ஆயினும், பஞ்சமும் வெள்ளமும் பூசலும் மாறி மாறி வந்த ஒரு நிலப்பகுதியில், அத்துன்பங்களுக்கு இடையிலேயே நன்றியைப் பேணி வளர்த்த மக்களின் வரலாறு நமக்கு மிக அருகில் உள்ளது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலிருந்து தேக்கடி வரை நீளும் மலைத்தொடரும், அதன் இரு மருங்கிலும் வாழும் மக்களுமே அவ்வரலாற்றின் களம். பிழைப்பை நாடி மலையைக் கடந்து வந்து காலனிகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு அஃது அயலார் கதையன்று.

திருவள்ளுவர் அறத்துப்பாலில் 11-ஆம் அதிகாரத்தைச் செய்ந்நன்றி அறிதலுக்கென்றே வகுத்தார். அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். உதவியின் அளவை மட்டும் கொண்டு அவர் நன்றியை அளப்பதில்லை. எந்தக் காலத்தில் செய்யப்பட்டது, எத்தகையோரால் பெறப்பட்டது என்பவற்றையும் சேர்த்தே அளக்கிறார். இவ்விரண்டு அளவுகோல்களையும் கையிற்கொண்டு இம்மலைநாட்டு வரலாற்றை நாம் சிறிது ஆராய்வோம்.

தாது வருஷப் பஞ்சம்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவிற்கு வரும்போது வெறுங்கையோடு வருகிறது. மேற்கே பெரியாறு கரைபுரண்டு அரபிக்கடலில் கலக்க, கிழக்கே வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தது. மலைக்கு மேல் ஓடும் நீரைக் கிழக்கே திருப்பினால் மதுரையும் இராமநாதபுரமும் பிழைக்கும் என்ற எண்ணம் முதன்முதல் ஆங்கிலேயருக்குத் தோன்றியதன்று. சேதுபதி மன்னரின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-இல் ஆட்களை அனுப்பி இதனை ஆராயச் செய்தார். பொருள் வசதி இன்மையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1808-இல் காப்டன் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி நிலத்தை அளந்து, இது நடவாத காரியம் என்று அறிக்கை எழுதினார். 1850-இல் சிறிய அளவில் தொடங்கிய வேலையும் காய்ச்சலுக்கு அஞ்சிக் கூலியாட்கள் நிற்காமையால் நின்றது.

பின்னர் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மூத்தோர் வாயில் அப்பெயர் பின்னும் பல தலைமுறைக்கு அச்சச் சொல்லாகவே வழங்கிற்று. கிடப்பில் கிடந்த பெரியாற்றுத் திட்டம் அதன் பின்னரே உயிர் பெற்றது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி வகுக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக் என்ற பொறியாளரிடம் வந்து சேர்ந்தது. இவர் 1841 ஜனவரி 15-ஆம் நாள் புனாவில் பிறந்தவர். 1849-இல் சிலியன்வாலாப் போரில் தந்தையும் தமையனும் ஒரே நாளில் மடிந்தபோது இவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. அங்ஙனம் தந்தையை இழந்து வளர்ந்த சிறுவனே பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறையில் சேர்ந்தான்.

அணை எழுந்த விதம்

1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. நீர் தேங்கும் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டது. 1887-இல் வேலை தொடங்கிற்று.

அக்காலத்தில் அவ்விடத்தில் பாதையில்லை, ஊரில்லை. யானையும் புலியும் நடமாடிய அடர்காடு. ஆண்டுக்கு இருமுறை பெய்யும் பெருமழையில் ஆறு பொங்கி, கட்டிய தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினர், மீண்டும் வெள்ளம் கொண்டு சென்றது. சாமான்களை மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் மேலேற்றி, பின் ஆற்றில் படகு வழியே கொண்டு சேர்த்தனர். அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்ட முதன்மை அணை, சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கலந்த காரையால் எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் வெட்டப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய நீர் சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நன்செய் ஆயிற்று. தாது வருஷத்தில் தானியத்திற்கு ஏங்கிய நாட்டில் நெல் விளைந்தது.

பொங்கற் பானையில் ஒரு பெயர்

பென்னிகுயிக் 1911 மார்ச் 9-இல் இங்கிலாந்தில் காலமானார். அவரை நினைவிற் கொள்ளும்படி இவ்வூர் மக்களுக்கு எவரும் ஆணையிடவில்லை. ஆயினும் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களில் அவர் படம் வீட்டுச் சுவர்களில் தெய்வப் படங்களின் வரிசையில் இடம் பெற்றது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் இடப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15 தைத்திருநாளை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. தமிழக அரசு லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுப்பிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15-இல் திறக்கப்பட்டது. 2022-இல் அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லி நகரிலும் தமிழக அரசின் முயற்சியால் சிலை நிறுவப்பட்டது. அரசின் சிறப்புகள் பின்னர் வந்தவை. உழவரின் பொங்கற் பானை அவற்றிற்கு முற்பட்டது.

இங்கு நாம் ஒரு செய்தியைத் தெளிவாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். பென்னிகுயிக் தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்று ஒரு கதை ஊரெங்கும் வழங்குகிறது. கேட்போர் உள்ளத்தை உருக்கும் கதைதான். ஆனால் அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டப்பட்டது. பாசனத்தால் வரி வருவாய் பெருகும் என்ற கணக்கும் அவ்வரசுக்கு இருந்தது. உழைத்தவரின் பெருமையைச் சொல்ல இக்கதை தேவையில்லை. எட்டாண்டுக் காலம் காட்டிலும் மழையிலும் நின்று, வெள்ளம் அடித்துச் சென்றதை மீண்டும் கட்டிய மன உறுதி ஒன்றே நம் வணக்கத்திற்குப் போதுமானது. புனைந்துரையின் மேல் எழுப்பிய நன்றி, அப்புனைந்துரை கலைந்த அன்றே சரிந்துவிடும். உண்மையின் மேல் எழுப்பிய நன்றி அணையைப் போல் நிற்கும்.

மற்றொன்றும் உண்டு. அணையைக் கட்டிய கைகள் ஆயிரக்கணக்கானவை. மலைக்காய்ச்சலாலும் பிற நோய்களாலும் விபத்துகளாலும் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். அணையின் அருகே அக்காலக் கல்லறைகள் உள்ளன. பெயர் பொறித்த கல் ஒரு சிலர்க்கே கிடைத்தது. மண் சுமந்த, சுண்ணாம்பு அரைத்த, சுரங்கத்தில் பாறை பிளந்த கூலியாளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பொங்கற் பானை பொங்கும்போது பென்னிகுயிக் பெயரோடு அப்பெயரிலிகளையும் நினைப்பதே முழு நன்றியாகும்.

கொடுத்த மலைக்கும் ஒரு பங்கு

நீரைத் திருப்பியவரை வாழ்த்தும் நாம் நீரைத் தந்த நிலத்தை மறத்தல் ஆகாது. பெரியாற்றின் மழை பெய்யும் காடு இடுக்கி மாவட்டத்தது. அணையின் கீழே வண்டிப்பெரியாறு முதலிய ஊர்களில் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் தமிழரும் பெருந்தொகையினர். அணை பழையதாயிற்றே என்று மழைக்காலந்தோறும் அவர்களுக்கு ஏற்படும் அச்சம் பொய்யச்சம் என்று கிழக்கே இருந்து சொல்லிவிடுதல் எளிது. மேற்கே இருந்து பார்த்தால், கிழக்கே ஒரு போகம் தவறினால் எத்தனை அடுப்புகள் அணையும் என்பதும் எளிதில் விளங்குவதில்லை.

2011 டிசம்பரில் இப்பூசல் முற்றியபோது குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றது. ஏலத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கின. தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் சில தாக்கப்பட்டன. இரு மாநிலங்களிலும் வாழ வந்தவர்களே முதலில் அடிபட்டனர். வழக்கின் நியாயங்களை நீதிமன்றம் ஆராய்ந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்ற தீர்ப்பை உறுதி செய்து, மேற்பார்வைக்குக் குழுவும் அமைத்தது. அவ்வழக்கின் நுணுக்கங்கள் ஈண்டு நம் பொருளல்ல. நாம் நோக்குவது வேறொன்று. பெற்ற நீருக்கு நன்றியுடையவன் கொடுத்த நிலத்தாரின் அச்சத்தைக் காது கொடுத்துக் கேட்பான். உரிமையைக் கோருவதும் அச்சத்தைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நீர் மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் செல்லவில்லை என்பதையும் பாலக்காட்டில் வாழும் நாம் நன்கறிவோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் 1961 அக்டோபரில் பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பெற்றது. அத்திட்ட உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர் கேரளத்திற்கு வழங்கப்படல் வேண்டும். அந்நீரே சித்தூர் வட்டத்து வயல்களை நனைக்கிறது. இவ்வுடன்படிக்கை கையெழுத்தான நாள் 1970 மே 29. பெரியாற்றுக் குத்தகையின் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்திய துணை உடன்படிக்கையும் அதே நாளிலேயே கையெழுத்தாயிற்று. ஒரே நாளில் ஒரு கை கொடுத்தது, மறு கை பெற்றது. தேனி உழவன் இடுக்கி மலைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவனாயின், சித்தூர் உழவன் ஆழியாற்றுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவன். நீர் குறைந்த ஆண்டுகளில் இரு புறத்தும் முறையீடு எழுவது இயல்பே; ஆனால் இரு புறத்தும் கடன் உண்டு என்ற நினைவு முறையீட்டின் குரலைச் சற்றுத் தாழ்த்தும்.

தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்

நீர் இன்மை ஒரு துன்பமாயின் நீர் மிகுதி மற்றொரு துன்பம். கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில், கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று மலையாளிகள் இன்றும் கூறுவர். ரயில்வேத் தொழிலில் உள்ள நமக்கு அவ்வெள்ளத்தில் ஒரு தனிச் செய்தி உண்டு. மூணாறில் அக்காலத்தில் ரயில் ஓடிற்று! 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1908-இல் இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே வெளியுலகை அடைந்தது. 1924 வெள்ளம் பாதையையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. அவ்வழித்தடம் மீண்டும் அமைக்கப்படவே இல்லை. மலைக்குக் கீழே போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. அப்பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடப்பட்டு, 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது.

ரயில் போயிற்று, தொழிலாளர் போகவில்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் சேறு படிந்த தேயிலைச் சரிவுகளில் மீண்டும் கொழுந்து பறித்தன. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972-இல் அவை புதிய இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன. அம்மக்கள் நிலம் மாறவில்லை. நிலத்தின் முகவரி மாறிற்று.

2018 ஆகஸ்டில் மீண்டும் பெருவெள்ளம். இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. அதன் இரண்டாம் ஆண்டில், 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. 70 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். கயத்தாற்று வட்டாரத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள் பல. அது தொற்றுநோய்க் காலம். ஒருவரையொருவர் தொடவே அஞ்சிய நாட்கள். அந்நாளில், மழை ஓயாத மலையில், தீயணைப்புப் படையினரும் மீட்புப் படையினரும் ஊர் மக்களும் நாள் கணக்கில் மண்ணைத் தோண்டினர். தேடியோரின் மொழி பெரும்பாலும் மலையாளம். தேடப்பட்டோரின் மொழி தமிழ். புதைமண்ணில் அவ்வேற்றுமை எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. குழந்தையொன்றின் உடல் இருந்த இடத்தை அவ்வீட்டு நாய் காட்டிக் கொடுத்த செய்தியை அக்காலத்தில் நாடே படித்துக் கண்கலங்கிற்று. வாயில்லாச் சீவனும் உண்ட சோற்றை மறப்பதில்லை என்று நம் பாட்டிமார் சொல்வது வீண் சொல்லன்று.

நன்றியும் அடிமையும்

இவ்விடத்து ஓர் ஐயம் எழக்கூடும். இன்னலிலும் நன்றியோடு இரு என்று ஏழையிடம் சொல்வது, வாய் மூடிக் கிட என்று சொல்வதாகாதா? நியாயமான கேள்வியே. இதற்கு விடையையும் மூணாறே தந்துள்ளது. 2015 செப்டம்பரில் அங்குள்ள தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸ் குறைக்கப்பட்டமையை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தனர். தலைவர்களை ஒதுக்கி வைத்துத் தாமே போராட்டத்தை நடத்தினர். அவர்தம் அமைப்பிற்குப் பொம்பிளை ஒருமை என்று பெயர். ஒன்பது நாட்களில் அவர்கள் கோரிக்கை பெரும்பாலும் ஏற்கப்பட்டது. வேலை கொடுத்த மலைக்கு நன்றி கெட்டவர்கள் என்று அப்பெண்களை எவரேனும் சொல்வாராயின், அவர் நன்றியின் பொருளை அறியார். மலையை உழைப்பால் வளர்த்தவர் அவர்களே. உழைப்புக்கு உரியதைக் கேட்பது நன்றிக்கு மாறானதன்று. மேலிருப்பவர் கேட்டு வாங்கும் நன்றி பணிவு எனப்படும். உள்ளத்தில் தானே சுரப்பதே நன்றி. பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கும் உழவர்கள் பாசன நீர் திறக்கத் தாமதமானால் அரசை எதிர்த்துக் குரல் எழுப்பவும் தயங்காதவர்கள். இவ்விரண்டு குணங்களும் ஒரு நெஞ்சில் ஒருங்கே வாழும்.

நமக்கு உரிய கடன்

இனி நம் வாயிலுக்கு வருவோம். 1862-இல் பாலக்காட்டுக் கணவாய் வழியே ரயில் பாதை இணைந்த நாள்தொட்டு, தமிழ் மக்கள் இவ்வழியே வேலைக்கு வந்தவண்ணம் உள்ளனர். ஒலவக்கோடு என்று நம் மூத்தோர் இன்றும் அழைக்கும் பாலக்காடு சந்திப்பைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் வந்து வேரூன்றின! அங்கிருந்து சில மைல் தொலைவில் உள்ளது மலம்புழா அணை. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டம் பார்க்கச் செல்லும் இடமாகவே நாம் அதனை அறிவோம். மலபார், சென்னை மாநிலத்தின் மாவட்டமாக இருந்த காலத்தில், 1949-இல் அதன் வேலை தொடங்கிற்று. 1955 அக்டோபர் 9-இல் முதலமைச்சர் காமராசர் அதனைத் திறந்து வைத்தார். ஓராண்டு சென்றபின் மாநிலம் பிரிந்தது. அணை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக் கட்டியிருந்தால் அவ்வணை எழுந்திராது. அந்நீரைப் பாலக்காட்டு நகரமும் சுற்றுப்புறமும் இன்று குடிக்கின்றன. அந்நகரத்தில் வாழும் தமிழரும் குடிக்கின்றனர். தமிழன் கட்டத் துணைநின்ற அணை, மலையாள மண்ணின் மழை, இருவர் வீட்டுக் குடத்திலும் ஒரே நீர். இதில் யாருக்கு யார் நன்றி சொல்வது? இருவரும் இருவருக்கும் சொல்ல வேண்டியதுதான்.

நாம் இங்கே வந்தபோது வீடு கிடைக்காத நாளில் திண்ணை தந்தவரும், மொழி தெரியாத நாளில் கடையில் கைகாட்டிப் பேசி அரிசி அளந்தவரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நள்ளிரவில் எழுந்து வந்தவரும் பெரும்பாலும் இவ்வூர்க்காரர்களே. வரலாற்று ஏட்டில் அவர்கள் பெயர் ஏறாது. பெரியாற்றுக் கூலியாளின் பெயர் ஏறாதது போலவே. ஏட்டில் ஏறாததை வீட்டில் ஏற்றி வைப்பது நம் கடன். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும்போதே, இந்நாட்டார் நமக்குச் செய்த உதவிகளையும் பெயரும் காலமும் சொல்லிக் கற்பிப்போம். தைப்பொங்கலன்று அண்டை வீட்டு மலையாளக் குடும்பத்திற்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் செல்லட்டும்; ஓணத்தன்று அவர்கள் வீட்டுப் பாயசம் நம் வீட்டிற்கு வருவது பல இடங்களில் ஏற்கெனவே உள்ள வழக்கம். பூசல் மிகுந்த ஆண்டிலும் இவ்வழக்கத்தை நிறுத்தாதிருத்தலே அதன் உயிர்.

தாது வருஷத்தில் பட்டினியைக் கண்டவர்களின் வழிவந்தவர் ஒரு பானை பொங்கலில் அயல்நாட்டார் ஒருவரை நினைத்தனர். அவர்களுக்கு வளமான காலம் வந்தபின் எழுந்த நினைவு மட்டும் அன்று அது. மழை பொய்த்த ஆண்டிலும், எல்லை அடைபட்ட ஆண்டிலும் அவ்வடுப்பு மூட்டப்பட்டது. உதவியின் அளவு பெற்றவரின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்ற பழந்தமிழ்க் கொள்கைக்கு அவர்கள் வாழ்வே உரை. அவ்வுரையை நாமும் நம் காலனியில் எழுதுவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!